சோரியுவிலிருந்து ஷிகினாமிக்கு

மனிதர் உள்ளமர்ந்து இயக்கும் பேரியந்திரங்களை மையமாகக் கொண்ட ‘மெக்கா’ எனும் ஜப்பானிய அனிமே வகையில், ஹிடேயாகி அன்னோ 1995இல் தொடங்கிய ‘நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன்’ தொலைக்காட்சித் தொடரின் பேரியந்திரத்தை இயக்கும் பதினான்கு வயதுச் சிறுமியான சோரியு அசுகா லாங்லி, 2009இல் வெளியான இரண்டாம் மறுஆக்கத் திரைப்படத்தில் ஷிகினாமி என்ற குடும்பப்பெயருடன் மீண்டும் தோன்றினாள். சோரியு, ஷிகினாமி இரண்டுமே இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய ஜப்பானியப் போர்க்கப்பல்களின் பெயர்கள்; முன்னது 1942இல் மிட்வேயில் அழிந்த விமானந்தாங்கி, பின்னது 1944இல் மூழ்கிய நாசகாரி. பெயரினும் பெரிய மாற்றம் கதையில் நிகழ்ந்தது: தொடரில் தோஜி சுசுஹாரா என்ற பாத்திரம் ஏறிய, பகையுயிரால் பீடிக்கப்படும் மூன்றாம் எண் இயந்திரத்தில் இங்கு அசுகாவே ஏறுகிறாள்; தாயின் மனப்பிறழ்வும் தற்கொலையும் வடுவாக்கிய பழைய அசுகாவுக்கு மாறாக, 2021இன் இறுதிப்படம் அவளைக் குளோன், அதாவது படியெடுக்கப்பட்ட உயிர் என்று காட்டுகிறது. துயரத்தின் ஆழத்தில் முன்னவளே மேலானவள் எனலாம். இருவருக்கும் குரல் கொடுத்தவர் யூகோ மியாமுராதான்.