லோயர் கேம்ப் சுரங்கமும் வி.பி.என். சுரங்கமும்

நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குச் சுரங்கம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதே இல்லை. 1895-ல் பென்னிகுக் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேல் நீளமான சுரங்கம் வழியாகத்தான் தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். அது லோயர் கேம்ப் பக்கம் இறங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, வைகையில் சேருகிறது.

இணையத்திலும் இப்படிச் சுரங்கம் உண்டு. ஒரு கடிதத்தை உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறைக்குள் வைத்து அனுப்புவது போல. வெளி உறையில் வி.பி.என். சர்வரின் முகவரி மட்டும்தான் இருக்கும். ஆனால் உறை போடுவது வேறு, பூட்டுப் போடுவது வேறு. இதுதான் இந்த வரலாற்றின் முக்கியப் பாடம்!

1996-ல் மைக்ரோசாஃப்டும் சில கம்பெனிகளும் சேர்ந்து பி.பி.டி.பி.யைக் கொண்டுவந்தன. விண்டோஸிலேயே இருந்ததால் ஊரெல்லாம் பரவியது. 1998-லேயே புரூஸ் ஷ்னையரும் மட்ஜும் அதன் பூட்டு பலவீனம் என்று காட்டினார்கள். 2012-ல் அதை ஒரே நாளில் உடைக்க முடியும் என்று நிரூபணமே ஆனது. 2016-ல் ஆப்பிள் அதைக் கைவிட்டது.

1999-ல் வந்த எல்.டூ.டி.பி.யில் பூட்டே கிடையாது, வெறும் சுரங்கம்தான். அதனால் ஐபிசெக் என்ற பூட்டோடு சேர்த்துப் பயன்படுத்தினார்கள். அடுத்து ஜேம்ஸ் யோனன். மத்திய ஆசியாவில் பயணம் செய்தபோது, நம்பிக்கையில்லாத இணைப்புகள் வழியாக அலுவலக வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கவலையில் பிறந்ததுதான் 2001-ல் வெளியான ஓப்பன் வி.பி.என். பிறகு ஜேசன் டோனன்ஃபெல்டின் வயர்கார்டு. சுமார் 4,000 வரிகள்தான். சின்னதாக இருந்தால்தானே ஓட்டை இருக்கிறதா என்று முழுசாகப் பார்க்க முடியும்? 2020-ல் லினக்ஸ் கெர்னலிலேயே இடம்பிடித்தது.

சரி, பூட்டு பலமாகிவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. சுரங்கத்துக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் மறுமுனையில் நிற்கும் வி.பி.என். கம்பெனிக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியும்.

2022 ஏப்ரலில் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. எண் போன்றவற்றை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றது. அலுவலகங்களின் சொந்த வி.பி.என்.களுக்கு விலக்கு உண்டு. எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க் மூன்றும் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. குற்றவாளியைப் பிடிக்க விவரம் வேண்டும் என்பது அரசின் நியாயம். சேர்த்து வைத்த விவரம் எப்போது வேண்டுமானாலும் கசியலாம் என்பது பயனாளியின் பயம்.

அதனால், ஹாஸ்டலில் ஓசி வி.பி.என். ஆப்பைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் நண்பர்களே, எந்தப் புரோட்டோகால் என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, யாருடைய சர்வர் என்று பாருங்கள். சுரங்கம் எவ்வளவு உறுதி என்பது பாதிக் கேள்விதான். ஷட்டர் யார் கையில் என்பதுதான் மீதிக் கேள்வி. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்?