மொட்டைத் தலையும் நம்ம கண்ணும்



தைப்பூசம் முடிந்து ரெண்டு வாரம் ஆகிறது. காவடி எடுத்தவர்கள், பால்குடம் தூக்கியவர்கள் எல்லாம் பழையபடி வேலைக்குப் போயாச்சு. மொட்டை போட்ட சிலர் மட்டும் இன்னும் தொப்பியைக் கழற்றவில்லை. கோயிலுக்கு வரும்போதுகூட துண்டைப் போட்டு மூடிக்கிட்டு வர்றாங்க. "கண்ணாடியப் பார்த்தா வேற யாரோ மாதிரி இருக்குண்ணே" என்று ஒரு தம்பி சொன்னார். "வேலை செய்ற இடத்துல எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க" என்று ஒரு தங்கச்சி சொன்னார். இந்தப் பதிவு அவங்களுக்காகத்தான். நான் படிச்சது படிவம் 5 வரைக்கும்தான். ஆனா பழைய படம், பழைய கதை என்றால் எனக்கு ஆசை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நூறு, நூத்திருபது வருஷத்துக்கு முன்னால பினாங்கு, சிங்கப்பூர் தெருக்களில் எடுத்த படங்களைப் பாருங்க. ஆம்பளைங்க தலையை மட்டும் கவனிங்க.

முதல்ல நாட்டுக்கோட்டை செட்டியார்கள். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, நல்லா வழிச்ச மொட்டைத் தலை. வேண்டுதலுக்குப் போட்ட மொட்டை இல்லை அது, அவங்க தினசரித் தோற்றமே அப்படித்தான். கிட்டங்கியில் தரையில் உட்கார்ந்து, முன்னால ஒரு சின்ன மேசையும் பெட்டியும் வச்சுக்கிட்டு கடன் கொடுத்தாங்க. ஈயச் சுரங்கம், ரப்பர்த் தோட்டம், கடைகண்ணி என்று பலதும் அந்தப் பணத்துல நடந்தது. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859-இல் கட்டியதும் அவங்கதான். அன்னிக்கு ஒரு மொட்டைத் தலை எதிரில் வந்தால், 'இவர் கையில் காசு இருக்கு, பேச்சில் நாணயம் இருக்கு' என்று அர்த்தம். சிரிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அடுத்து நம்ம தோட்டத்து ஆட்கள். நிறைய பேர் குடுமி வச்சிருந்தாங்க. குடுமி என்றால் பின்னால் முடிஞ்சிருப்பது மட்டும் இல்லை, முன்னால் பாதித் தலை மழிச்சிருக்கும். தமிழ்நாட்டில் இந்தக் குடுமியை வச்சு பெரிய சண்டையே நடந்தது. கிறிஸ்தவர்களாக மாறியவர்கள் அதை வெட்டியே ஆகணும் என்று சில பாதிரியார்கள் பிடிவாதம் பிடிச்சாங்க. கால்டுவெல் 1867-இல் குடுமியைப் பற்றித் தனியா ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். அது மதச் சின்னம் இல்லை, மக்கள் வழக்கம் என்பது அவர் கட்சி.

சீனர்கள் கதை இன்னும் பெருசு. 1645-இல் மஞ்சு அரசாங்கம் சீன ஆம்பளைங்க எல்லாரும் முன்தலையை மழிச்சு, பின்னால் சடை போடணும் என்று ஆணை போட்டது. மறுத்தவங்களுக்கு மரண தண்டனை. இருநூத்தைம்பது வருஷத்துல அந்தக் கட்டாயமே வழக்கமா மாறிப்போச்சு. 1898-இல் சிங்கப்பூரில் டாக்டர் லிம் பூன் கெங் போன்றவர்கள் சடையை வெட்டச் சொல்லி இயக்கம் நடத்தியபோது, 'இது நம்ம பரம்பரை அடையாளம்' என்று பெரியவங்க எதிர்த்தாங்க. 1911 புரட்சிக்குப் பிறகுதான் சடை மறைஞ்சது.

ஆக, அந்தக் காலத் தெருவில் முழுசாவோ பாதியாவோ மழிச்ச தலை ஏராளம். முழுத் தலையும் முடி வச்சு வாரிவிடுகிற கிராப்புதான் அன்னிக்குப் புதுசு. 'கிராப்பு' என்ற சொல்லே வெள்ளைக்காரன்கிட்ட இருந்து வந்ததுதானே. இன்னிக்கு மொட்டை நமக்கு விசித்திரமாத் தெரியுதுன்னா, தலையில் கோளாறு இல்லை. நம்ம கண் கிராப்புக்குப் பழகிப்போச்சு, அவ்வளவுதான்.

சரி, வேண்டுதல் மொட்டைக்கு வருவோம். பத்துமலையில் தம்புசாமிப் பிள்ளை அவர்கள் முயற்சியில் 1892-இல் இருந்து தைப்பூசம் நடக்குது. அப்போ இந்த 272 படி கிடையாது. 1920-இல் மரப்படி, 1940-இல்தான் சிமெண்டுப் படி. அந்தக் காலத்துத் தோட்டத்து வாழ்க்கை தெரியும்தானே? மலேரியாக் காய்ச்சல் வந்தா பிழைக்கிறது கஷ்டம். பிரசவம் என்றால் உயிர் போய் உயிர் வரணும். பிள்ளை பிழைச்சா முருகனுக்கு என்ன கொடுப்பது? தங்கம் இல்லை, வெள்ளி இல்லை. தலையில் முடி இருந்தது. துரைக்கும் கூலிக்கும் ஒரே மாதிரி வளர்றது அது ஒன்னுதான். பழனியில் முருகன் எல்லாத்தையும் விட்டுட்டு ஆண்டியா நின்னார். அவர் முன்னால நாமும் அலங்காரம் இல்லாமல் நிக்கிறோம். மொட்டையின் பொருள் இதுதான் என்று எனக்குப் பெரியவங்க சொன்னாங்க.

இப்போ பெண்கள் விஷயம். இதைப் பேசாமல் விட்டால் இந்தப் பதிவு அரைகுறை.

ஆம்பளை மொட்டை போட்டா ரெண்டு நாள் கிண்டலோடு முடிஞ்சிடும். பொம்பளை போட்டா நம்ம பெரியம்மா, அத்தைகளுக்கு முகம் மாறுது. அதுக்குக் காரணம் இருக்கு. ஊரில் சில சாதிகளில், முக்கியமா பிராமணக் குடும்பங்களில், புருஷன் செத்தால் பெண்ணுக்குத் தலையை மழிச்சிடுவாங்க. பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளையா இருந்தாலும் விடமாட்டாங்க. அந்தப் பிள்ளைகிட்ட யாரும் சம்மதம் கேட்டதில்லை. 1886-இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமியும் சின்ன வயசிலேயே விதவை ஆனவர். ஆனா அவர் குடும்பம் அவருக்கு முடி எடுக்க மறுத்திட்டது, படிக்க வச்சது. 1911-இல் சென்னையில் பட்டம் வாங்கி, தன்னை மாதிரி இளம் விதவைகள் தங்கிப் படிக்க இல்லம் தொடங்கினார்.

அந்தக் கொடுமையின் நிழல்தான் இன்னும் நம்ம பார்வையில் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க. அன்னிக்கு அந்தப் பிள்ளைகளின் முடியை மத்தவங்க பறிச்சாங்க. இன்னிக்குப் பத்துமலையில் ஒரு பெண் தானா உட்கார்ந்து, தானா தலை குனிஞ்சு கொடுக்கிறாள். கத்தி ஒன்னுதான், காரியம் வேற.

நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு பெண், அவங்க அம்மா ஆபரேஷன் ஆகிப் பிழைச்சதுக்காக முடி கொடுத்தாங்க. மறுநாள் வேலைக்கு வந்ததும் வந்த முதல் கேள்வி, "வீட்ல யாரும் தவறிட்டாங்களா?" ரெண்டாவது கேள்வி, "உடம்புக்கு ஏதும் பெரிய வியாதியா?" கேட்டது ரெண்டும் நம்ம ஆளுங்க. அந்தப் பிள்ளை மறுநாள் நீளமான ஷாலைத் தலையில் சுத்திக்கிட்டு வந்தது. ஓடுற மெஷின் பக்கத்தில் துணி தொங்கினால் எவ்வளவு ஆபத்து என்று பேக்டரியில் வேலை செய்றவங்களுக்குத் தெரியும். உள்ளே சொருகுகிற மாதிரி தொப்பி கொடுத்து, அந்தக் கேள்வி கேட்டவங்களையும் தனியாக் கூப்பிட்டுப் பேசினேன். ஒரு வாய்ப்பேச்சு ஒரு ஆளை மெஷின்கிட்ட ஆபத்தில் கொண்டுபோய் விடும், யோசிச்சுப் பாருங்க.

அதே பேக்டரியில் ஹஜ் முடிச்சு வர்ற மலாய் நண்பர்கள் மொட்டைத் தலையோடுதான் வருவாங்க. ஹஜ் கடமை முடிந்ததும் ஆண்கள் முடியை மழிப்பதோ குறைப்பதோ அவங்க முறை. யாரும் சிரிக்கிறதில்லை. 'ஹாஜி' என்று மரியாதையாக் கை கொடுக்கிறோம். நம்ம பையன் மொட்டையோட வந்தா 'போத்தாக்' என்று முதல்ல கத்துறது யாரு? பெரும்பாலும் நம்ம பையன்தான்.

இன்னொன்னு. மலாய்க்காரர் வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாள் முடி எடுக்கும் வழக்கம் இருக்கு. சீனர் வீட்டில் மாதம் நிறைஞ்சதும் எடுப்பாங்க. நம்ம வீட்டில் குலதெய்வத்துக்கோ முருகனுக்கோ முதல் முடி. இந்த நாட்டில் பாதிப்பேருக்கு மேல் வாழ்க்கையில் முதல் முடிவெட்டே மொட்டைதான் என்று நினைக்கிறேன்.

கடைசியா, புதுசா மொட்டை போட்டவங்களுக்கு நடைமுறை விஷயம் சில:

தலை வெளுத்துத் தெரிவது இத்தனை நாள் வெயில் படாததால். சில வாரத்தில் முகத்து நிறத்தோடு சேர்ந்திடும். அதுவரை நடு வெயிலில் தொப்பி போடுங்க, வெட்கத்துக்காகப் போடாதீங்க.

சந்தனம் முதல் நாள் குளிர்ச்சிக்கு. அப்புறம் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் போதும்.

ஹெல்மெட் போட்டு வேலை செய்றவங்க உள்ளே மெல்லிசாப் பருத்தித் துணி வச்சுக்குங்க, பட்டை உரசாது.

முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். சித்திரைப் புத்தாண்டுக்குச் சீப்பு பட ஆரம்பிக்கும். மழிச்சா அடர்த்தியா வளரும் என்பது பேச்சுதான், வேர் தோலுக்கு உள்ளே அப்படியேதான் இருக்கு.

அடுத்த வருஷம் போடப் போறவங்க, புது பிளேடு உங்க கண் முன்னால் பிரிக்கிறாங்களா என்று பார்த்துட்டு உட்காருங்க. ஒருத்தருக்குப் போட்ட பிளேடில் ரத்தம் வழியா நோய் பரவும்.

மத்தவங்ககிட்ட ஒரே வேண்டுகோள். மொட்டைத் தலையைப் பார்த்தா காரணம் கேட்காதீங்க. அது வேண்டுதலா இருக்கலாம், அப்பா காரியமா இருக்கலாம், மருந்தால் கொட்டிய முடியா இருக்கலாம். சொல்லணும்னா அவங்களே சொல்லுவாங்க. "சாப்டீங்களா?" என்று கேளுங்க, போதும்.

வர்ற வெள்ளிக்கிழமை பூஜைக்குத் துண்டு இல்லாமல் வாங்க தம்பி, தங்கச்சிகளே. அன்னதானத்தில் பரிமாற ஆள் தேவைப்படுது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!