மெம்ரிஸ்டர்: மின்சாரம் நின்றாலும் மறக்காத மின்தடை

மின்சுற்றின் அடிப்படை உறுப்புகள் என மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி ஆகிய மூன்றைப் பள்ளியில் படித்திருப்போம். நான்காவதாக ஒன்றும் இருக்க வேண்டும் என்று 1971-ல் கணக்கின் மூலம் காட்டினார் பொறியியல் பேராசிரியர் லியோன் சுவா. மெமரி, ரெசிஸ்டர் என்ற இரு சொற்களையும் சேர்த்து அதற்கு மெம்ரிஸ்டர் என்று பெயரிட்டார். 37 ஆண்டுகள் கழித்து, 2008-ல், ஸ்டான்லி வில்லியம்ஸ் தலைமையிலான ஹெச்.பி. ஆய்வகக் குழு டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தைக் கொண்டு அதைச் செய்துகாட்டியதாக அறிவித்தது. சுவா சொன்னது இதுதானா என்ற விவாதம் அதன் பிறகும் தொடர்ந்தது.

எப்படி இயங்குகிறது?

தண்ணீர் ஒரு பக்கமாக ஓடினால் அகலமாகி, எதிர்ப்பக்கமாக ஓடினால் குறுகும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். மடையை அடைத்தாலும் கடைசியாக இருந்த அகலம் அப்படியே இருக்கும். மெம்ரிஸ்டரின் தடையும் அப்படித்தான். மின்சாரம் பாயும் திசைக்கேற்பக் கூடும், குறையும். மின்சாரம் நின்றாலும் கடைசி அளவு மாறாது.

என்ன பயன்?

முதல் பயன் நினைவகம். இவ்வகை நினைவகம் கொண்ட சில்லுகளை 2013-ல் பானாசோனிக் நிறுவனம் விற்பனைக்குத் தயாரித்தது.

இரண்டாவது பயன் இதைவிடப் பெரியது. இன்றைய கணினியில் நினைவகம் ஓரிடம், கணக்கிடும் பகுதி வேறிடம். தரவு இடைவிடாமல் இரண்டுக்கும் நடுவே போய்வருவதிலேயே மின்சாரம் பெருமளவு செலவாகிறது. மெம்ரிஸ்டர்களை வலைபோல் அடுக்கினால், ஓமின் விதிப்படி பெருக்கலும் கிர்ச்சாஃப் விதிப்படி கூட்டலும் எண்களைச் சேமித்த இடத்திலேயே நடந்துவிடும். செயற்கை நுண்ணறிவுக்கு முக்கியமாக வேண்டியது இந்தப் பெருக்கலும் கூட்டலும்தான்.

பெங்களூரில் நடந்த ஆய்வு

இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி தலைமையிலான குழு, மூலக்கூறு படலம் ஒன்றில் 16,500 வெவ்வேறு கடத்தல் நிலைகளை உருவாக்கியது. சாதாரண இலக்க முறை நினைவக அலகுக்கு இருப்பது 0, 1 என்ற இரண்டே நிலைகள். 2024 செப்டம்பரில் நேச்சர் இதழில் இந்த ஆய்வு வெளியானது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவிலிருந்து விண்வெளிப் படமொன்றையும் இக்குழு ஒரு மேசைக் கணினியில் மீட்டுருவாக்கிக் காட்டியது.

தடைகளும் உண்டு. ஒரே சில்லில் உள்ள மெம்ரிஸ்டர்களே ஒன்றுபோல் நடப்பதில்லை. பலமுறை எழுதி அழித்தால் தேய்கின்றன. ஆகவே நாளையே நம் கைப்பேசி மாறிவிடாது.

ஆனால் காணையிலும் விழுப்புரத்திலும் பிளஸ் டூ இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லலாம். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் அந்த இரு விதிகளை வைத்துத்தான், இங்கிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில், புதிய கணினிக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.