லினக்ஸ்சிஎன்சிக்கான இயக்கக் கட்டுப்பாட்டு வன்பொருள்

சிஎன்சி இயந்திரத்தில் கணினி போடும் கணக்கை மோட்டார் டிரைவுக்குப் புரியும் மின்துடிப்பாகவோ மின்னழுத்தமாகவோ மாற்றித் தருவது இயக்கக் கட்டுப்பாட்டு வன்பொருள். பட்டறையில் இதற்குப் பெயர் ‘கார்டு’. திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களில் ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைக்கு இதன் தேர்வு உயிர்நாடியான விஷயம். பழைய மில்லிங் இயந்திரத்தின் கன்ட்ரோலர் பழுதாகி உதிரி கிடைக்காவிட்டால், வார்ப்பும் பால் ஸ்க்ரூவும் நன்றாக இருந்தும் இயந்திரம் காயலான் கடைக்குப் போகிறது. அதைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று, கன்ட்ரோலரின் இடத்தில் கணினியை வைத்து இயந்திரத்தை ஓட்டும் கட்டற்ற மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 1990-களில் இஎம்சி என்ற பெயரில் உருவாக்கிய நிரலிலிருந்து இது வளர்ந்தது.

வாங்குவோர் அதிகம் சறுக்குவது பொருத்தப்பாட்டில்தான். மாக்3 என்பது விண்டோஸில் ஓடும் வேறொரு சிஎன்சி மென்பொருள், கட்டற்றதும் அல்ல. அதற்கென்று மலிவாக விற்கும் யுஎஸ்பி கார்டுகள் லினக்ஸ்சிஎன்சியில் வேலை செய்யா. யுஎஸ்பியிலிருந்து, கணினி நேரடியாகத் துடிப்பு அனுப்பும் பழைய பேரலல் போர்ட்டுக்கு மாற்றும் கேபிளும் உதவாது. துடிப்புகள் நேரம் தவறாமல் போய்ச்சேர வேண்டும், யுஎஸ்பி அந்த உறுதியைத் தராது. விலையைக் கேட்பதற்கு முன், அந்தக் கார்டுக்கு லினக்ஸ்சிஎன்சியில் டிரைவர் நிரல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அடுத்தது துடிப்புக் கணக்கு. ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 படி. டிரைவில் 10 மைக்ரோஸ்டெப் வைத்தால் 2,000 துடிப்பு. பால் ஸ்க்ரூவின் பிட்ச் 5 மி.மீ. என்றால், ஒரு மி.மீ. நகர 400 துடிப்பு. நிமிடத்துக்கு 6 மீட்டர் ஓட்ட நொடிக்கு 40,000 துடிப்பு வேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளின் உச்சமே நொடிக்கு ஏறத்தாழ 30,000தான். பேரலல் போர்ட்டில் கணினியே துடிப்பை உருவாக்கும்போது 40,000 என்பது விளிம்பு நிலை. சுற்றுக்கு 10,000 துடிப்பு கேட்கும் செர்வோ என்றால் தேவை 2 லட்சமாக ஏறிவிடும். அங்கே இவ்விரண்டும் கைவிட்டுவிடும்.

ஆகவே துடிப்பைக் கணினியில் அல்லாமல், எஃப்பிஜிஏ எனும் நிரல்படுத்தத்தக்க சில்லிலேயே உருவாக்கும் கார்டுதான் உற்பத்தி இயந்திரத்துக்குச் சரி. லினக்ஸ்சிஎன்சி பயனர்களிடையே பரவலாக இருப்பவை அமெரிக்காவின் மெசா எலக்ட்ரானிக்ஸ் கார்டுகள். 7ஐ96, 7ஐ76இ இரண்டும் ஈதர்நெட் வழியே இணைபவை. ஐந்து அச்சுகளுக்கு ஸ்டெப், டைரக்‌ஷன் சமிக்ஞை தருபவை. பழைய செர்வோ டிரைவ்கள் பல ±10 வோல்ட் அனலாக் கட்டளையில் ஓடுபவை. அவற்றை மாற்றத் தேவையில்லை. ஆறு அனலாக் வெளியீடும் என்கோடர் உள்ளீடும் கொண்ட 7ஐ77, உரிய எஃப்பிஜிஏ கார்டுடன் சேர்ந்து அவற்றை அப்படியே ஓட்டும். ஓடுகிற டிரைவைக் கழற்றி வீசுவது வீண்செலவு. டிரைவின் பெயர்ப்பலகையைப் படித்த பிறகே கார்டைத் தேர்வு செய்ய வேண்டும்.

கணினியும் இந்தத் தேர்வில் ஒரு பகுதி. லினக்ஸ்சிஎன்சியோடு வரும் ‘லேட்டன்சி டெஸ்ட்’ நிரலை ஓடவிட்டு, நாலைந்து ஜன்னல்களைத் திறந்து மூடி, கணினியைத் திணறடித்துப் பார்க்க வேண்டும். பேரலல் போர்ட்டுக்கு நேரத் தடுமாற்றம் 20 மைக்ரோ நொடிக்குள் இருப்பது நல்லது. மெசா கார்டில் கணினிக்கும் கார்டுக்கும் பேச்சு வழக்கமாக மில்லி நொடிக்கு ஒரு முறைதான் என்பதால் கெடுபிடி குறைவு. மடிக்கணினி பெரும்பாலும் இதற்கு ஒத்துவராது.

எந்தக் கார்டானாலும் அவசர நிறுத்தப் பொத்தானை மென்பொருளின் பொறுப்பில் மட்டும் விடாதீர்கள். கணினி உறைந்து நின்றாலும் டிரைவுகளுக்கான மின்சாரத்தைப் பாதுகாப்பு ரிலே நேரடியாகத் துண்டிக்க வேண்டும். மின்சாரம் போனதும் தலைப்பகுதி கீழே இறங்கிவிடாதபடி செங்குத்து அச்சுக்கு பிரேக் உள்ள மோட்டாரையே போடுங்கள்.