சஹானா

சஹானா என்பது 2004 டிசெம்பர் 26 சுனாமியை அடுத்து இலங்கையில் எழுதப்பட்ட, திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருட்கள் ஆகிய நான்கு பதிவேடுகளே அதன் அடித்தளம். எழுதப்பட்டது கொழும்பில். அதன் தேவை எவ்வளவு பெரியது என்பதை அம்பாறைக் கரையிலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். நாட்டின் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு உயிர்களை இழக்கவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக் கடல்வரை நின்றிருந்தன. பள்ளிவாசல்களின் முன்னெடுப்பில் ஜனாஸாக்கள் விரைந்து அடக்கப்பட்டன. யாரென்று எழுதிவைக்க அவகாசமில்லாமல் போனவை பல. தப்பியோர் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தங்கினர். கிராம சேவகர் ஒரு பட்டியல் எழுதினார், முகாம் பொறுப்பாளர் இன்னொன்று, தொண்டு நிறுவனம் மற்றொன்று. கல்முனை ஆதார வைத்தியசாலையில் அன்று 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தைக்கு ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. சட்டப்படி உரிமை கோரியது ஒரே தம்பதியர்தான் என்பது பிறகு தெரிந்தது. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை அவர்களே பெற்றோர் என்று உறுதிசெய்தது. எல்லோரும் நம்பிப் பார்க்கக்கூடிய பதிவேடு இல்லாத இடத்தில் வதந்திக்குத்தான் வேகம் அதிகம்.

சஞ்சீவ வீரவரண நிறுவிய லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனும், விர்டுசா உள்ளிட்ட கம்பனிகளின் பொறியியலாளர்களும் அந்த நாட்களில் சேர்ந்து உழைத்தனர். சமிந்திர டி சில்வா திட்டத்தை வழிநடத்தினார். பி.எச்.பி. மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் தெரிவாயின. நுணுக்கமான ஆராய்ச்சியில் பிறந்த தெரிவல்ல இது. தொண்டர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது எதுவோ அதுவே வந்தது. அவசரத்துக்கு அது சரியான முடிவு.

அவசரம் தணிந்ததும் தொண்டர்கள் தத்தம் வேலைக்குத் திரும்பினர். அரசு அமைத்த தேசிய செயற்பாட்டு மையமும் சில வாரங்களில் கலைக்கப்பட்டது. மிஞ்சிய நிரலைப் பிறர் எடுத்து ஆளுவது கடினமாக இருந்தது. சுவீடன் அரசின் சீடா நிறுவனம் நிதி தந்த பிறகே, சம்பளத்துக்கு ஆட்களை அமர்த்தி 2005இல் அதை அடியிலிருந்து மறுபடி எழுத முடிந்தது. அந்த வடிவமே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் (2005), பிலிப்பைன்சின் தென்லெய்த்தே மண்சரிவுக்கும், யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கும் (2006) சென்றது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயன்பாட்டுக்கான 2006ஆம் ஆண்டு விருதை சஹானாவுக்கு அளித்தது.

காணாமற்போனோர் பதிவேட்டின் மிகப் பெரிய இடர் பெயர்கள். கல்முனையில் ஒருவர் ஒரு பட்டியலில் மீராலெவ்வை, இன்னொன்றில் மீரா லெப்பை. முகம்மது, முஹம்மத், மொஹமட் எல்லாம் ஒருவரே ஆகலாம். இதில் ஆங்கில எழுத்துக்கு மாற்றியவரின் காது வேறு சேர்ந்துகொள்ளும். ஒலி ஒத்த பெயர்களைத் தேடித்தரும் வசதி சஹானாவில் சேர்க்கப்பட்டது. ஆனால் இத்தகைய தேடலுக்கு அடிப்படையான சவுண்டெக்ஸ், மெட்டாபோன் முறைகள் ஆங்கில உச்சரிப்பை வைத்து உருவானவை. தமிழ் எழுத்தை அவற்றிடம் கொடுத்தால் பயனில்லை. இதைச் சரிசெய்ய நிரலும் தமிழும் அறபுப் பெயர்மரபும் சேர்ந்து தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவரை எந்த நிதியாலும் உடனே வரவழைக்க முடியாது.

2008 வாக்கில் சஹானா மொழி மாறத் தொடங்கியது. பிரான் பூன் முன்னின்ற பைதன் வடிவம் முதலில் சஹானாபை என்றும் பின்னர் ஈடன் என்றும் பெயர்பெற்றது. மாசிமோ டி பியெரோ உருவாக்கிய வெப்2பை சட்டகத்தின்மேல் அது எழுந்தது. அட்டவணையின் புலங்களை ஒருமுறை எழுதினால் படிவமும் தேடலும் தாமே உருவாகும். எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் எதனோடும் இயங்கும். ஆள் குறைந்த திட்டத்துக்கு இது பெரிய வரம். ஆயினும் பி.எச்.பி. மட்டும் அறிந்த பழைய தொண்டர்களுக்கு ஈடன் புதிய பாடமாயிற்று. கணினி மொழியைத் தெரிவது இங்கே உதவிக்கு வரக்கூடியவர்களைத் தெரிவதுமாகும் என்பது திட்டத்தின் பின்வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது.

2009இல் அமெரிக்காவில் சஹானா மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் நிறுவனங்களையும் வைத்தியசாலைகளையும் பதிய ஈடன் பயன்பட்டது. பி.எச்.பி. கிளையும் உடனே மறையவில்லை: நியூயோர்க் நகரின் அவசரகாலத் திட்டமிடலுக்கு மயோன் என்ற பதிப்பும், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ஆள்தேடும் சேவைக்கு வெசுவியஸ் என்ற பதிப்பும் அதிலிருந்து வந்தன. இரண்டும் எரிமலைகளின் பெயர்கள்.