விழாத ஆட்டுக்குட்டி

நியூயார்க் மாநிலத்து இத்தாகாவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பண்ணை இருந்தது. ஹோவர்டு லிடெல் என்ற ஆய்வாளர் அங்கே பாவ்லோவின் வழியில் ஆடுகளைப் பழக்கிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு சைகை, அடுத்து காலில் லேசான மின் அதிர்ச்சி. சில நாட்களில் சைகை வந்ததுமே ஆடு காலைத் தூக்கிவிடும். 1949இல் கார்னெலுக்கு வந்த உளவியலாளர் எலினார் கிப்சன், அதே பண்ணையில் தாய் ஆட்டுக்கும் குட்டிக்கும் இடையிலான ஒட்டுதலை ஆராயத் தொடங்கினார்.

ஒரு பிரசவத்தில் இரட்டைக் குட்டிகள். முதலாவதைக் கையில் எடுத்த நேரத்தில் இரண்டாவது வரத் தொடங்கிவிட்டது. இதை எங்கே வைப்பது என்று அவர் தவிக்க, அந்த ஸ்டாண்டு மேல் வை என்றார் பண்ணைக்காரர். ஸ்டாண்டோ உயரமானது, அதன் மேல்தட்டு மிகச் சிறியது. விழுந்துவிடாதா என்ற பயத்தோடுதான் வைத்தார். பிறந்து சில நிமிடமே ஆன குட்டி, நாலு காலையும் ஊன்றி, ஓரத்துக்குப் போகாமல் அப்படியே நின்றது. ஆழம் என்றால் என்னவென்று அதற்கு யாரும் பழக்கிக் கொடுத்திருக்கவில்லை.

அந்தப் பண்ணை ஆய்வு பாதியில் நின்றது. ஈஸ்டர் விடுமுறை முடிந்து எலினார் திரும்பியபோது, அவர் குட்டிகளில் சிலவற்றை யாருக்கோ பரிசாகக் கொடுத்திருந்தார்கள். வெறுத்துப்போய் விட்டுவிட்டார். ஆனால் ஸ்டாண்டு மேல் நின்ற குட்டி மனதிலிருந்து போகவில்லை. உளவியல் பாடநூல்களில் இன்றும் படம் போட்டு விளக்கும் ‘கண்ணாடிப் பள்ளம்’ சோதனை பிறந்ததில் அந்தக் குட்டிக்கும் பங்கு உண்டு.

எலினாரும் கணவர் ஜேம்ஸும் வளர்த்தெடுத்த சூழலியல் உளவியல், வெளியே தெரியும் நடத்தையை மட்டுமே ஆராயும் நடத்தைவாதத்தை எதிர்த்துப் பிறந்தது என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. எலினார் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனது விலங்குகளை ஆராய. குரங்கின ஆய்வில் புகழ்பெற்றிருந்த ராபர்ட் யெர்க்ஸ், தன் ஆய்வகத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். சேர்த்துக்கொண்டவர் கிளார்க் ஹல். கற்றலைச் சூத்திரங்களாக எழுதிவிட முடியும் என்று நம்பிய பழுத்த நடத்தைவாதி. 1938இல் எலினார் முனைவர் பட்டம் வாங்கியது அவரிடம்தான். கணவர் ஜேம்ஸ் கிப்சனோ பிரின்ஸ்டனில் எட்வின் ஹோல்ட்டிடம் படித்தவர். ஹோல்ட்டும் நடத்தைவாதியே. ஆனால் அவருக்கு நடத்தை என்பது தசையின் துடிப்பு அல்ல. உயிர் முழுவதுமாக ஒரு பொருளை நோக்கிச் செய்யும் செயல். இந்த நடத்தைவாத மரபில் படித்த இருவருமே தலைக்குள் படம் ஓடுகிறது, அதை யாரோ உள்ளே உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்ற பேச்சைக் கடைசிவரை ஏற்கவில்லை.

நடத்தைவாதத்தில் அவர்களுக்கு ஒத்துவராதது வேறொன்று. நடத்தைவாதிக்குத் தூண்டல் என்றால் ஒரு மணியோசை, ஒரு விளக்கு. ஜேம்ஸுக்கு அந்தக் கணக்கு போரின்போது உடைந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படைக்கு விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் சோதனைகளை வகுக்கும் வேலை அவருக்கு. தூரத்தைக் கண் எப்படி அறிகிறது என்று பாடநூல்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த குறிப்புகளை வைத்துச் சோதனை நடத்தினால், யார் நன்றாக விமானத்தை இறக்குவார் என்று சொல்ல முடியவில்லை. விமானிக்கு உதவுவது கீழே விரிந்து கிடக்கும் தரையே என்ற முடிவுக்கு அவர் வந்தார். நெருங்க நெருங்க அதன் சொரசொரப்பு பெரிதாகிறது. எதை நோக்கி இறங்குகிறோமோ அந்தப் புள்ளியிலிருந்து எல்லாம் வெளிப்புறமாக வழிந்தோடுகிறது. நகர்கிறவருக்குத்தான் இது தெரியும். (அதே போரில் நடத்தைவாதியான ஸ்கின்னர், திரையில் இலக்கைக் கொத்தும்படி புறாக்களைப் பழக்கி, ஏவுகணைக்குள் உட்காரவைக்க முயன்றுகொண்டிருந்தார்.)

கண்ணாடிப் பள்ளக் கருவி உருவானது 1950களின் நடுவில். எலினாரும் சக ஆய்வாளர் ரிச்சர்ட் வாக்கும் வேறொரு சோதனைக்காக எலிகளைப் பிறந்தது முதல் முழு இருட்டில் வளர்த்தார்கள்; தீனி வைப்பது, கூண்டைச் சுத்தம் செய்வது எல்லாம் இருட்டிலேயே. இவ்வளவு பாடுபட்டு வளர்த்த எலிகளை ஒரே சோதனையோடு விட மனமில்லை. லாஷ்லி, ரஸ்ஸல் என்ற ஆய்வாளர்கள் 1934இல் இப்படிப்பட்ட எலிகளை மேடை விட்டு மேடை தாவவைத்திருந்தார்கள். அதில் ஒரு ஓட்டை: தாவப் பழக்குவதற்கே வெளிச்சத்தில் பல நாள் பிடிக்கும். அதற்குள் எலி தூரம் பார்க்கக் கற்றிருக்காதா?

பழக்கவே தேவையில்லாத ஒன்று வேண்டும். கிடைத்த கண்ணாடித் தகட்டையும் கம்பிகளையும் இணைத்தார்கள். நடுவில் சற்றே உயர்ந்த பலகை. ஒரு பக்கம் கண்ணாடிக்கு அடியிலேயே உருப்போட்ட தாள். மறுபக்கம் அதே தாள் வெகு கீழே தரையில். எலியைப் பலகையில் விட்டுவிட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டியதுதான். பரிசும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. இருட்டில் வளர்ந்தவையும் வெளிச்சத்தில் வளர்ந்தவையும் ஒன்றுபோல மேடான பக்கத்திலேயே இறங்கின. பலகையை உயர்த்தியதற்குக் காரணம் எலியின் மீசை. அது கண்ணாடியைத் தொட்டுவிட்டால், எலி கண்ணை நம்புவதை விட்டு எந்தப் பக்கமும் போய்விடும்.

1913இல் நடத்தைவாதத்துக்குக் கொடி ஏற்றிய வாட்சன் இந்தக் கருவியைப் பார்த்திருந்தால் முறையில் குறை சொல்லியிருக்க முடியாது. உனக்கு என்ன தெரிகிறது என்று யாரையும் கேட்கவில்லை; காலே பதில் சொல்கிறது. ஆனால் பயிற்சியும் பரிசும் இல்லாமல் பதில் வந்ததே, அந்த இடத்தில்தான் கிப்சன்கள் பிறந்த வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள். கீழேயுள்ள கட்டங்களைப் பெரிதாக்கி, மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தெரியும்படி செய்தும் பார்த்தார்கள். எலியும் கோழிக்குஞ்சும் ஏமாறவில்லை. தலையை அசைத்தால் அருகிலுள்ளது வேகமாகவும் தொலைவிலுள்ளது மெதுவாகவும் நகரும். அது போதுமாக இருந்தது.

அதே கருவியில் குழந்தைகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவுகள் 1960இல் வெளிவந்தன. 6 முதல் 14 மாதம் வரையான 36 பேர். பலகையை விட்டு நகர்ந்த 27 பேரும் ஒருமுறையாவது மேடான பக்கம் தவழ்ந்தார்கள். அவர்களில் ஆழமான பக்கமும் போனவர்கள் 3 பேர்தான். அம்மா அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் சிலர் அழுதார்கள், சிலர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அப்போதும் எலினார் கார்னெலில் சம்பளமில்லாத ஆய்வாளர். கணவர் வேலை பார்க்கும் இடத்தில் மனைவிக்குப் பதவி தரக்கூடாது என்பது அன்றைய விதி. 1960களின் நடுவில்தான் பேராசிரியரானார்.

சோதனை சொன்னதற்கு மேல் சொல்லவைத்தவர்கள் பலர். ஆழ பயம் பிறவியிலேயே வருகிறது என்றார்கள். 1970இல் ஜோசப் கேம்போஸும் உடன் ஆய்ந்தவர்களும் இரண்டு மாதக் குழந்தைகளை ஆழமான பக்கத்தில் கிடத்தி இதயத் துடிப்பை அளந்தார்கள். துடிப்பு கூடவில்லை, குறைந்தது. குழந்தை பயப்படவில்லை, கவனித்தது. எலினாரின் மாணவி கேரன் அடால்ஃப் கண்ணாடியையே எடுத்துவிட்டுச் சாய்தளங்களை வைத்தார். தவழும் குழந்தைகள் வாரக்கணக்கில் பழகி, எந்தச் சரிவு தாங்கும், எது தாங்காது என்று சரியாகக் கணித்தார்கள். அதே குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும், தவழும்போது ஒதுக்கிய செங்குத்துச் சரிவில் தயங்காமல் காலை வைத்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு ஆய்வாளர் எப்போதும் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது.