தகரப் பெட்டியும் தலைமுறை வரலாறும்

நம் இல்லங்கள் பலவற்றில் பரண்மீது ஒரு தகரப் பெட்டி இருக்கும். பழைய பட்டா, தீர்வை ரசீது, பாட்டனாரின் பள்ளிச் சான்றிதழ், மங்கிய புகைப்படம் ஆகியவை அதனுள் கலந்து கிடக்கும். அரசர்தம் கல்வெட்டுகள் நம் முன்னோரைப் பெயர் சொல்லிப் போற்றியது அரிது. ஆதலின் நம் குடும்ப வரலாற்றுக்கு அப்பெட்டியே கல்வெட்டு. அதனை ஒழுங்குபடுத்துதல் வெறும் பொழுதுபோக்கன்று. உரிமையைக் காக்கும் கடமையாகும்.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய திரெமென்கீர், 1891-ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலமற்ற நிலையையும் அடிமை வாழ்வையும் எடுத்துரைத்துச் சென்னை அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் பிறந்த ஆணைப்படி வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். முதல் பத்தாண்டுகளுக்கு அவற்றை எவருக்கும் விற்றல் கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் நின்றது. நிலமோ பல ஊர்களில் பிறர் கைக்குச் சென்றது. 1994-இல் செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள காரணையில் நிலமீட்புப் போராட்டத்தையொட்டி நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர்நீத்தனர். இத்தகைய நிலத்தின்மீது உரிமை கோருவோர், "எம் பாட்டனுக்கு அளித்த நிலம்" என்று வாயால் உரைத்தால் போதாது. ஒப்படை ஆவணம், தீர்வை ரசீது, பழைய புல எண், உரிமை கோருவோர்க்கும் பாட்டனுக்கும் உள்ள உறவு ஆகிய அனைத்தையும் சான்றுடன் நிறுவுதல் வேண்டும். ஒரு துண்டுச் சீட்டு தவறினாலும் சங்கிலியின் கண்ணி அறுந்துபோகும்.

பெயர்களிலும் சிக்கல் உண்டு. 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையடுத்து, அரசு ஏடுகளில் பழைய சாதிப் பெயருக்கு மாற்றாக 'ஆதி திராவிடர்' என்னும் பெயர் இடம்பெறலாயிற்று. ஆகவே பாட்டனின் ஏட்டில் ஒரு பெயரும் பேரனின் ஏட்டில் மற்றொரு பெயரும் காணப்படலாம். மதம் மாறிய குடும்பங்களில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆளின் பெயரே வேறாக இருக்கும். இம்மாற்றங்களை விளக்கும் குறிப்பொன்றை எழுதி வைக்காவிடில், ஒரே குடும்பத்தாரைப் பின்வருவோர் இரு குடும்பத்தாரென்று எண்ணிவிடுவர்.

ஒழுங்கான பதிவின் ஆற்றலுக்குக் கடல் கடந்த சான்றும் உண்டு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவற்றைக் குறித்தனர். கூலிகளைக் கணக்கில் வைக்கவே அப்பட்டியல் எழுந்தது. எனினும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, நான்காம் ஐந்தாம் தலைமுறையினர் தம் பூர்வீக ஊரைக் கண்டறிய இயல்கிறது. பிறர் தம் தேவைக்கு எழுதிய ஏடே இத்துணைப் பயன்படுமெனில், நாமே நமக்காக எழுதும் ஏடு எத்துணைப் பயன்படும்!

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் எழுதியவை, 1999-இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்னும் தொகுதிகளாக வெளிவந்தன. பழைய இதழ்களைக் குப்பையென்று எறியாமல் காத்தோர் இருந்தமையாலன்றோ அது கைகூடிற்று!

இனிச் செய்ய வேண்டியன யாவை? முதலில் கொடிவழிப் பட்டியல் ஒன்று வரைக. பாட்டனாருக்கு 1, அவர் மக்களுக்கு 1-1, 1-2 என எண் இடுக. மணமாகிச் சென்ற பெண்மக்களையும், வீட்டிற்கு வந்த மருமக்களின் பிறந்தகத்தையும் விடாது சேர்த்திடுக. பெண்வழியை மறந்த வரலாறு பாதி வரலாறே. பின்னர், நிலம், கல்வியும் பணியும், பிறப்பு திருமணம் இறப்பு, கடிதமும் படமும் என நான்கு கோப்புகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் தாள்களை ஆண்டு வரிசையில் அடுக்குக. ஒரு குறிப்பேட்டில் வரிசை எண், ஆண்டு, ஆவணத்தின் வகை, யார் பெயரில் உள்ளது, மூலம் யாரிடம் உள்ளது என்பவற்றைப் பதிக. நில ஆவணமாயின் பழைய புல எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே எழுதுக.

முதியோர் சொல்வதைத் தனி ஏட்டில் எழுதி, சொன்னவர் பெயர், நாள், இடம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கேட்ட செய்தி வேறு, ஆவணச் சான்று வேறு. இரண்டையும் கலத்தல் ஆகாது. குண்டூசி துருப்பிடித்துத் தாளை அரிக்கும். ஆதலின் அதனை நீக்குக. படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்லப் பெயர் எழுதுக. கைப்பேசியில் எடுக்கும் படங்களுக்கும் ஆண்டும் எண்ணும் இட்டு, ஒரு படி உறவினர் இல்லத்திலும் இருக்கச் செய்க. மூல ஆவணத்தை எவர் கேட்டாலும் ஒப்புகைச் சீட்டின்றிக் கொடுத்தல் கூடாது.

எழுத்தறிவு மறுக்கப்பட்ட முன்னோர், தம்மால் வாசிக்க இயலாத தாள்களையும் மழைக்கும் கரையானுக்கும் தப்புவித்து நமக்கு அளித்துச் சென்றனர். நம் கல்விக் கழகம் ஊட்டிய கல்வியைக் கொண்டு நம் இளைஞர்கள் முதற்கண் வாசிக்க வேண்டியவை அத்தாள்களே. முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவார்களாக!